நியூயார்க்கில் கிடந்த நம் பணம்

தையல் மிஷின் எண்ணெயின் வாடை எந்தக் கடை வாசலில் வந்து மோதினாலும் எனக்கு ராஜாஜி சாலையில் ஒரு வங்கிக் கட்டடத்தின் இரண்டாம் மாடிதான் எழுந்து வருகிறது, அங்கே வடக்கு ஓரத்தில் கண்ணாடித் தடுப்புப் போட்ட சிறிய அறையில் டெலெக்ஸ் இயந்திரங்கள் இருந்தன, காலையில் அவற்றுக்கு எண்ணெய் விட்டுத் துடைக்க ஒருவர் வருவார், பகல் ஏற ஏற அந்த எண்ணெய் சூடாகி, கார்பன் தாளின் மசிவாடையோடும் துளையிட்ட காகித நாடாவின் உலர்ந்த தூசியோடும் கலந்து, கதவு திறக்கும்போதெல்லாம் எங்கள் மேசைகள்வரை வந்து போகும். ஜன்னல்கள் கிழக்கே துறைமுகத்தைப் பார்த்தவை, மரச்சட்டங்களின் இடுக்கு வழியாகக் காலை வெயில் கணக்குத் தாள்களின்மேல் கோடு கோடாக விழும், கீழே பர்மா பஜாரிலிருந்து வெளிநாட்டு சோப்பும் சென்ட்டும் கலந்த வாசனை கடற்காற்றோடு ஏறிவரும். எண்பதுகளின் நடுப்பகுதி அது, வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னை அந்த மாடிக்கு அனுப்பினார்கள், நாஸ்ட்ரோ பிரிவு என்று பெயர், எங்கள் வங்கி வெளிநாட்டு வங்கிகளில் தன் பெயரில் வைத்திருந்த கணக்குகளைச் சரிபார்க்கும் இடம்.

அந்தப் பிரிவில் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய பெரியவர் ஒருவர் இருந்தார். பொடி போடுபவர், வேலையைத் தொடங்குமுன் சட்டைப் பையிலிருந்து மட்டையை எடுத்து ஒரு சிட்டிகை இழுத்து, கைக்குட்டையால் மூக்கையும் மூக்குக் கண்ணாடியையும் துடைத்து, ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான பென்சிலை பிளேடால் சீவி, சீவிய தூளைத் தாளில் மடித்துக் கூடையில் போட்ட பிறகுதான் நியூயார்க்கிலிருந்து வந்த ஸ்டேட்மென்ட்டைப் பிரிப்பார். விமானத் தபாலில் வரும் மெல்லிய தாள்கள் அவை, விரல் பட்டாலே சரசரக்கும், மின்விசிறியின் கீழே வைத்தால் பறந்துவிடும் என்று நான்கு மூலையிலும் பேப்பர் வெயிட் வைத்து, ஒவ்வொரு வரியாக எங்கள் பேரேட்டோடு ஒப்பிட்டு, ஒத்துப்போனதற்கு நீலத்திலும் ஒத்துப்போகாததற்குச் சிவப்பிலும் குறி போடுவார். பேசிக்கொண்டே குறி போட மாட்டார், யாராவது கேள்வி கேட்டால் பென்சிலை வரியின்மேல் அப்படியே நிறுத்தி வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

நான் முதல்நாள் கேட்டது எல்லோரும் கேட்பதுதான், இங்கே கட்டும் ரூபாய் அங்கே எப்படிப் போகிறது என்று. "பணம் எங்கேயும் போறதில்ல தம்பி, அது அது இருந்த ஊர்லயேதான் இருக்கு, யார் பேர்ல இருக்குங்கறது மட்டும் மாறும்" என்றார். கோயம்புத்தூர் மில் ஒன்று ஜெர்மனியிலிருந்து இயந்திரத்துக்கு உதிரிபாகம் வாங்கினால், மில்லின் கணக்கில் ரூபாய் கழியும், அந்த ரூபாய் கோயம்புத்தூரைவிட்டு நகராது, பிராங்க்பர்ட்டில் ஒரு வங்கியில் எங்கள் பெயரில் மார்க் இருக்கும், எங்கள் கணக்கில் இவ்வளவு கழித்து இன்னாருக்குக் கொடுங்கள் என்று ஒரு டெலெக்ஸ் போகும், அங்கே எங்கள் பெயரில் கழித்து, விற்றவருடைய வங்கியின் பெயரில் வைப்பார்கள், மார்க் ஜெர்மனியிலேயே இருக்கும். ஆம்பூர்த் தோலுக்கும் திருப்பூர் பனியனுக்கும் வெளிநாட்டார் தரும் விலை அந்தந்த நாட்டிலேயே எங்கள் கணக்குகளில் வந்து சேரும், அந்த இருப்பிலிருந்துதான் கோயம்புத்தூர் கேட்டதை எடுத்துக் கொடுப்போம். கடலைத் தாண்டுவது ஒரு சொல் மட்டும், அந்தச் சொல் மெய்யானதுதானா, சொன்னபடி இரண்டு இடத்திலும் எழுதினார்களா என்று பார்க்கத்தான் அந்த மாடி முழுக்க நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

மெய்யானதா என்று பார்ப்பதற்குத் தனியாக ஒரு சாங்கியம் உண்டு. ஒவ்வொரு டெலெக்ஸிலும் டெஸ்ட் என்று ஒரு எண் இருக்கும், தேதிக்கு ஓர் எண், தொகைக்கு ஓர் எண், எந்த நாட்டுப் பணம் என்பதற்கு ஓர் எண், வரிசை எண்ணுக்கு ஓர் எண் என்று இரு வங்கிகளுக்கு மட்டுமே தெரிந்த அட்டவணையிலிருந்து எடுத்துக் கூட்டி வருவது அது, கூட்டல் ஒன்று பிசகினாலும் செய்தி செல்லாது, அட்டவணைப் புத்தகம் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும், பெட்டிக்கு இரண்டு சாவிகள், இரண்டும் ஒருவரிடமே இருக்கக் கூடாது. கையெழுத்துப் புத்தகங்கள் ஒரு பீரோ நிறைய இருந்தன, லண்டன், டோக்கியோ, சிங்கப்பூர், பெய்ரூட் என்று ஊர் ஊராக அங்குள்ள அதிகாரிகளின் மாதிரிக் கையெழுத்துகள், பெரியவர் அந்த மனிதர்களில் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை, ஆனால் ஒரு டிராப்டைக் கையில் எடுத்தவுடனேயே, இவர் கை கொஞ்சம் நடுங்க ஆரம்பித்திருக்கிறது, வயதாகியிருக்கும் என்பார்.

பிரிவில் அவர் வைத்திருந்த விதி ஒன்றுதான், பழையதிலிருந்து தொடங்க வேண்டும். ஒத்துப்போகாத வரிகள் நான்கு விதம், நாங்கள் பற்று எழுதி அவர்கள் வரவு வைக்காதது, நாங்கள் வரவு வைத்து அவர்கள் பற்று எழுதாதது, அவர்கள் எழுதி நாங்கள் எழுதாத பற்று, அவர்கள் எழுதி நாங்கள் எழுதாத வரவு, நேற்றைய வரிகளில் பெரும்பாலானவை நாளைய தபாலில் தானாகவே சரியாகிவிடும், மூன்று மாதமாக நிற்கிற வரிதான் பேசாமல் எதையோ மறைத்துக்கொண்டு நிற்கிறது என்பது அவர் எண்ணம். மூன்று டாலர் வித்தியாசத்துக்கு நியூயார்க்குக்குக் கடிதம் எழுதுவார், தபால் செலவு அதைவிட ஆகுமே என்று இளைஞர்கள் சொன்னால் கோபப்படாமல், மூன்று டாலருக்குக் கேட்காதவனை மூவாயிரத்துக்கு யாரும் நம்ப மாட்டார்கள் என்று மட்டும் சொல்வார்.

ஹெர்ஸ்டாட் கதையை அவரிடம்தான் முதலில் கேட்டேன், சாயங்காலம் லண்டன் இயந்திரம் சடசடக்கத் தொடங்கிய நேரத்தில், ஜன்னலுக்கு வெளியே துறைமுக விளக்குகள் ஏற்றியிருந்தார்கள். கொலோன் நகரத்து வங்கி அது, அந்நியச் செலாவணிச் சூதில் பெரும் நஷ்டப்பட்டது, 1974 ஜூன் 26 அன்று ஜெர்மனியில் வேலைநாள் முடிந்ததும் அதிகாரிகள் அதன் கதவை மூடினார்கள், அதற்குள் டாலருக்காக அதனிடம் மார்க் கட்டியவர்கள் பலர், நியூயார்க்கில் அப்போதுதான் காலை, ஹெர்ஸ்டாட்டின் டாலர் கணக்கை வைத்திருந்த அங்குள்ள வங்கி அந்தக் கணக்கிலிருந்து பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது, மார்க் கொடுத்தவர்கள் டாலர் இல்லாமல் நின்றார்கள். பல மணி நேர இடைவெளியில் நடந்தது இது, ஒருவன் சூரியன் இறங்கும் ஊரில் கொடுத்ததை, இன்னொருவன் சூரியன் ஏறும் ஊரில் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அதே ஆண்டில் பாசலில் பெரிய தொழில் நாடுகளின் மத்திய வங்கிகள் கூடி ஒரு கண்காணிப்புக் குழு அமைத்தன, இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் கைமாறும் ஏற்பாடு 2002 இல்தான் நடைமுறைக்கு வந்தது. பெரியவர் அந்த ஏற்பாட்டைப் பார்க்க இருக்கவில்லை, நேர வித்தியாசம் இருக்கிறவரை பயம் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அன்று பேரேட்டை மூடினார், மூடுமுன் அதன் முதுகை உள்ளங்கையால் தடவிக்கொடுப்பது அவர் வழக்கம்.

அந்தத் தடவல் எனக்கு நினைவுக்கு வரும்போது, கூடவே இன்னொரு கையும் வருகிறது, ராமநாதபுரம் கடற்கரையில் ஓர் ஊர்க் கிளைக்கு மாற்றலாகிப் போயிருந்தேன், அங்கே ஒரு வயதான அம்மா மாதம் தவறாமல் டிராப்டோடு வருவார். குவைத்திலிருந்து மகன் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புவது, வெள்ளைத் துப்பட்டியின் முனையில் முடிந்து கொண்டுவந்து, முடிச்சை அவிழ்த்து, மடிப்புகளை ஒவ்வொன்றாக நீவிவிட்டுத்தான் மேசைமேல் வைப்பார், டிராப்டில் அத்தர் வாசம் இருக்கும், மகன் பூசியதா இவர் பெட்டியில் வைத்திருந்ததா தெரியாது. கட்டைவிரல் ரேகை வைத்த பிறகு மையைத் துடைத்துக்கொண்டே ஒருநாள் கேட்டார், "ஏன் வாப்பா, இந்தக் காசு குவைத்துலேருந்து வந்ததுதானா, இங்க உள்ளதா?"

நியூயார்க் கணக்கின் மறுபக்கம் அந்த டிராப்ட். குவைத்திலும் துபாயிலும் இருந்த பணமாற்று நிறுவனங்கள் இங்கே இந்திய வங்கிகளில் தங்கள் பெயரில் ரூபாய்க் கணக்கு வைத்திருந்தன, வாஸ்ட்ரோ என்போம், அதில் முன்கூட்டியே பணம் சேர்த்து வைத்துவிட்டு, அங்கே தினார் வாங்கிக்கொண்டு இந்தக் கணக்கின்மீது டிராப்ட் எழுதிக் கொடுத்தன, மகன் கொடுத்த தினார் குவைத்திலேயே இருக்க, அம்மாவுக்குக் கிடைத்த ரூபாய் அதற்கு முன்பே இந்த நாட்டுக்குள் காத்துக்கொண்டிருந்தது. அவ்வளவையும் அவரிடம் சொன்னேன், சின்னச் சின்ன வாக்கியங்களாக, அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, அப்படியானால் அவன் சம்பாதித்தது அங்கேயே இருக்கிறது, எனக்கு யாரோ முன்பணம் கொடுக்கிறார்கள், அவன் நல்லவன் என்று அவர்களுக்குத் தெரியும் என்றார். பாடப்புத்தகங்களில் இதைவிடத் தெளிவாக நான் படித்ததில்லை.

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தது, அமெரிக்கா அன்றே குவைத்தின் சொத்துகளை முடக்கியது. ஊரில் பள்ளிவாசல் திண்ணையிலும் தபால் நிலையத்து வேப்பமரத்தடியிலும் பேச்சு வேறு எதுவும் இல்லை, பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்களா என்பது முதல் கேள்வி, கையிலிருக்கும் டிராப்ட் செல்லுமா என்பது அதற்கடுத்து மெல்லிய குரலில் வரும், ஜூலைக் கடைசியில் எழுதிய டிராப்டுகளைப் பெண்கள் எங்கள் கிளைக்குக் கொண்டுவந்து, கொடுக்கவும் மனமில்லாமல், திரும்ப எடுத்துப்போகவும் மனமில்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மான் வழியாக விமானம் விமானமாகச் சுமார் இரண்டு மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து சேர்ந்தார்கள், அந்த அம்மாவின் மகனும் வந்தான், கையில் ஒன்றுமில்லை, அவர் மறுபடியும் கிளைக்கு வந்தது டிராப்ட் மாற்ற அல்ல, மகனுக்கு ஒரு கணக்கு தொடங்க.

அந்தப் போரில் எண்ணெய் விலை ஏறியது, குவைத்துப் பணம் நின்றது, அடுத்த ஆண்டு நாட்டின் கையிருப்பு சில வார இறக்குமதிக்கு மட்டுமே போதும் என்ற நிலை வந்தது, வெளிநாட்டு வங்கிகள் எங்களுக்குக் கொடுத்துவந்த கடன்வரம்புகளை ஒவ்வொன்றாகச் சுருக்கின, சொல்லை மட்டும் அனுப்பினால் போதாது என்று அவர்கள் சொன்ன காலம் அது. 1991 ஜூலையில் ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை பம்பாயிலிருந்து விமானத்தில் ஏற்றி லண்டனுக்கு அனுப்பியது, அதை ஈடாக வைத்து இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் சுமார் 40 கோடி டாலர் வாங்கினார்கள். அந்தச் செய்தியைக் கிளையில் பேப்பரில் படித்தபோது எனக்கு ராஜாஜி சாலைப் பெரியவர் நினைவுதான் வந்தது, பணம் எங்கேயும் போவதில்லை என்றாரே, நம்பிக்கை தீர்ந்துபோகும்போது போகிறது, கட்டிகளாக, எடைபோட்டு, காவலோடு போகிறது.

இதெல்லாம் வங்கிகள் கண்டுபிடித்த வித்தை என்று அதுவரை நினைத்திருந்த எனக்குக் காரைக்குடிப் பக்கம் ஒரு பெரியவீட்டில்தான் அதன் வேர் தெரிந்தது. அந்த வீட்டில் முன்கட்டைத் தாண்டியதும் வலப்பக்கம் கணக்கறை, பர்மாத் தேக்கின் எண்ணெய்வாசமும், பழைய பேரேடுகளின் புழுங்கிய வாசமும், மூலையில் போட்ட குங்கிலியப் புகையும் அதில் எப்போதும் நிற்கும், வளவின் வெளிச்சம் நிலைப்படிவரை வந்து அங்கேயே நின்றுகொள்ளும், உள்ளே பாதி இருட்டு. வீட்டுப் பெரியவர் சிறுவயதில் ரங்கூனுக்குப் பெட்டியடிப் பையனாகப் போனவர், பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் படிக்கிற பையன், அதன்பிறகு அடுத்தாள், அதன்பிறகு மேலாள் என்று உயர வேண்டிய வழி, 1942 இல் ஜப்பானியர் வர, பாதி வழியிலேயே மலையேறிக் காடு கடந்து நடந்து ஊர் திரும்பியவர். சாப்பாட்டுக்குப் பிறகு கயிற்றுக் கட்டிலில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்தே பேசுவார்.

ரங்கூனில் ஒருவர் செட்டியார் கடையில் பணம் கட்டுவார், கையில் உண்டியல் சீட்டு கிடைக்கும், அதை மதுரையிலோ சென்னையிலோ இன்ன கடையில் காட்டினால் ரூபாய் எண்ணிக் கொடுப்பார்கள், இரண்டு கடையும் ஒன்றின் பேரில் மற்றொன்று பற்று வரவு எழுதிக்கொள்ளும், ஐந்தொகை எடுக்கும்போது மிச்சத்தை நேர்செய்வார்கள், கடைகளுக்கிடையே நடப்பு வட்டி என்ன என்பதை மாதாமாதம் ரங்கூன் மொகல் தெருக் கோவிலில் கூடித் தீர்மானிப்பார்கள். "சாமி முன்னால பேசின வட்டிய ஒருத்தன் மாத்த முடியுமா அய்யா" என்று என்னைக் கேட்டார், வயதில் அவ்வளவு இளையவனான என்னையும் அய்யா என்றுதான் கூப்பிட்டார். அந்த நம்பிக்கை தங்களுக்குள் எவ்வளவு உறுதியோ, கடன் வாங்கிய பர்மிய விவசாயிக்கு அதனால் அவ்வளவு நன்மை வரவில்லை, முப்பதுகளின் மந்தத்தில் நெல் விலை விழ, கீழ்பர்மாவின் வயல்கள் பெருமளவு செட்டியார் கைக்கு வந்து சேர்ந்தன, அதையும் அவர் மறைக்காமல் சொன்னார், நிலம் கேட்டு நாங்கள் போகவில்லை, ஆனால் நிலம் வந்தது, அதோடு பகையும் வந்தது என்று.

1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை மு.சிதம்பரம் செட்டியார் தொடங்கியபோது, அந்த உண்டியல் வழியின் மேல்தான் புதிய கட்டடம் எழுந்தது. பர்மா 1963 இல் வங்கிகளை நாட்டுடைமையாக்கியது, 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றது, அங்கிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்களில் சிலர் ராஜாஜி சாலையோரம் கடை போட்டார்கள், என் ஜன்னலுக்குக் கீழே சோப்பும் சென்ட்டும் மணந்த அந்தக் கடைகள் அப்படி வந்தவைதான், அங்கே வேலைபார்த்த காலத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை.

இப்போது போனில் கட்டைவிரலை வைத்தால் போதும். சிங்கப்பூருக்கும் இந்தியாவுக்கும் இடையே 2023 பிப்ரவரியில் இணைப்புப் போட்டார்கள், சில வினாடிகளில் பணம் வந்துவிடுகிறது, நல்ல காரியம், அந்த அம்மா இருந்திருந்தால் துப்பட்டி முடிச்சு தேவைப்பட்டிருக்காது. ஆனாலும் எனக்கு ஏதோ குறைகிறது. டெலெக்ஸ் போய்விட்டது, 1973 இல் 15 நாடுகளின் 239 வங்கிகள் சேர்ந்து பிரஸ்ஸல்ஸில் தொடங்கிய ஸ்விப்ட் என்ற செய்தி வலை அந்த இடத்துக்கு வந்து பல காலமாகிறது, அடியில் இருக்கும் ஏற்பாடு மட்டும் அப்படியே இருக்கிறது, நியூயார்க்கில் நம் வங்கியின் பெயரில் ஒரு கணக்கு, இங்கே பேரேட்டில் அதன் மறுபதிவு, இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒப்பிடுவது இயந்திரம், அதில் தவறில்லை, கணக்கு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவெடுப்பதும் மனிதர்களைத் தெரியாத ஒரு கூட்டலாகிவிட்டதுதான் வருத்தமாக இருக்கிறது. இந்தக் கணக்குகளை வைத்திருக்கும் வங்கிகளின் எண்ணிக்கை 2011 முதல் 2018 வரை ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தது, பசிபிக் தீவுகளிலும் கரீபியனிலும் சின்ன வங்கிகளுக்குப் பெரிய வங்கிகள் கணக்கை மூடிக் கடிதம் அனுப்பின, கண்காணிக்கும் செலவு கட்டுப்படியாகவில்லை என்பது காரணம், அந்தத் தீவில் மகன் அனுப்பும் பணத்துக்குக் காத்திருக்கும் தாய்க்கு அந்தக் கடிதத்தில் இடமில்லை. 2022 இல் ரஷ்ய வங்கிகள் சிலவற்றை ஸ்விப்டிலிருந்து விலக்கினார்கள், அந்த ஜூலையில் ரிசர்வ் வங்கி ரூபாய் வாஸ்ட்ரோ கணக்குகளுக்கு வழி திறந்தது, அடுத்த ஆண்டு மே மாதம் கோவாவுக்கு வந்த ரஷ்ய வெளியுறவு அமைச்சர், கோடிக்கணக்கான ரூபாய் இந்திய வங்கிகளில் சேர்ந்து கிடக்கிறது, அதைப் பயன்படுத்த வேறு பணமாக மாற்ற வேண்டும் என்றார். இருந்த ஊரிலேயே இருக்கும் என்று பெரியவர் சொன்னதற்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

சமீபத்தில் அமெரிக்காவிலிருந்து என் அக்கா மகன் வீட்டு மராமத்துக்கென்று அவளுக்கு டாலரில் அனுப்பிய பணம் வரவில்லை, தொலைபேசியில் கேட்டால் செயலாக்கத்தில் இருக்கிறது என்ற ஒரே வாக்கியம் மீண்டும் மீண்டும் கிடைத்தது. அக்காவையும் கூட்டிக்கொண்டு கிளைக்கே போனேன், குளிரூட்டிய கூடம், எந்த வாசனையும் இல்லாத இடம், அங்கே இருந்த இளம்பெண் அதிகாரி முதலில் அதே வாக்கியத்தைச் சொல்ல வந்தவர், உங்கள் நியூயார்க் நாஸ்ட்ரோ எந்த வங்கியில் என்று நான் கேட்டதும் நிமிர்ந்து பார்த்து, "உட்காருங்க சார், நீங்களும் உட்காருங்கம்மா" என்றார். ஒவ்வொரு பணத்துக்கும் இப்போது 36 எழுத்தில் ஓர் அடையாளம் உண்டு, அதைப் போட்டுத் தேடினார், இடையிலிருந்த ஒரு வங்கியில் நின்றிருந்தது, அக்காவின் பெயருக்கு முன்னாலிருந்த ஒற்றை இனிஷியல் எதைக் குறிக்கிறது, முழுப் பெயர் என்ன என்று கேட்டு அவர்கள் அனுப்பிய கேள்வி யார் கண்ணிலும் படாமல் வரிசையில் கிடந்தது. குடும்பப் பெயர் என்று ஒன்றில்லாத நம் ஊர்ப் பெயர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது என்றார் அவர், அக்கா கணவரின் பெயரை விரித்தெழுதிப் பதில் அனுப்பினார்.

அனுப்பிவிட்டு அவர் அந்த வரிசையின் அடிக்குப் போய் வேறு எதையோ திறப்பதைப் பார்த்து, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். உங்களுடையதைவிடப் பழையவை இருக்கின்றன, நான் எப்போதும் கடைசியிலிருந்துதான் பார்ப்பேன், புதியவை தானாக நகர்ந்துவிடும் என்றார், யாரும் சொல்லிக் கொடுத்ததில்லையாம், நின்றுபோனதைப் பார்த்தால் தூக்கம் வராது என்பதுதான் காரணமாம். பணம் அந்த வாரமே வந்தது, அனுப்பியவனே எல்லாக் கட்டணத்தையும் ஏற்றுக்கொண்டிருந்தும் வழியில் யாரோ 15 டாலர் கழித்திருந்தார்கள். அக்கா போகட்டும் விடு என்றாள், நான் விடவில்லை, எங்கே கழிந்தது என்று நியூயார்க்குக்கு எழுத முடியுமா என்று கேட்டேன், அந்தப் பெண் சிரிக்கவில்லை, தேதியையும் தொகையையும் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு எழுதத் தொடங்கினார்.